யோனாவைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்

பிரதர், பெரம்பூர் தம்பியின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததற்கு, "நீ ஓஎம்ஆர் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வராததுதான் காரணம், யோனாவுக்கு நடந்ததைப் பார்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை.

நினிவே என்ற அசீரியப் பட்டணத்துக்குப் போய்ப் பிரசங்கி என்று கர்த்தர் சொன்னபோது, யோனா வேறு திசையில் கப்பலேறி ஓடினார்; புயல் வந்தது, கடலில் எறியப்பட்டார், ஒரு பெரிய மீன் அவரை விழுங்கியது. ஆனாலும் அவர் ஊழியத்துக்கு வர மறுத்தவர் அல்ல. ஏற்கெனவே தீர்க்கதரிசி (2 இராஜாக்கள் 14:25). ஏன் ஓடினார் என்பதை யோனா 4:2-ல் அவரே சொல்கிறார்: கர்த்தர் இரக்கமுள்ளவர், நினிவேயை மன்னித்துவிடுவார் என்று தெரியும், அது அவருக்குப் பிடிக்கவில்லை. அசீரியர் இஸ்ரவேலுக்குப் பகைவர்கள் ஆயிற்றே!

புயலைக் கர்த்தர்தான் அனுப்பினார், மறுக்கவில்லை. ஆனால் மீன் தண்டனை இல்லை. கடலில் மூழ்கிக்கொண்டிருந்தவரை உயிரோடு கரைசேர்த்தது அதுதான். அதனால்தான் இரண்டாம் அதிகாரம் முழுக்க நன்றி ஜெபமாக இருக்கிறது. 3:1-ல் கர்த்தர் இரண்டாம் முறை அழைக்கும்போது "ஏன் ஓடினாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யோனாவுடைய அப்பாவை நோயில் தள்ளியதாகவும் எங்கேயும் இல்லை. பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3).

சம்பள வேலை பார்ப்பதே ஓடிப்போவது என்றால், கொரிந்துவில் கூடாரம் தைத்துப் பிழைத்த பவுலை என்ன சொல்வீர்கள் (அப்போஸ்தலர் 18:3)?

தம்பி, இது உங்களால் வந்ததில்லை. இப்போது அப்பாவுக்கு பிசியோதெரபி தவறாமல் நடக்கட்டும். அழைப்பு உண்டா என்பதை அவர் கொஞ்சம் தேறியதும் உங்கள் ஆயரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள்.