எக்ஸ் ஃபைல்ஸ் முழுவதும் வான்கூவரில் எடுக்கப்பட்டதா?

எக்ஸ் ஃபைல்ஸ் என்ற அமெரிக்க டிவி தொடரின் இருண்ட காட்சிகளைப் பற்றி, "எக்ஸ் ஃபைல்ஸ் முழுக்கக் கனடாவின் வான்கூவரில் எடுத்தது, அங்கே ஆறு மாதம் பனி கொட்டும், அதனால்தான் அந்த இருட்டு" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. 1993 முதல் 1998 வரை வந்த முதல் ஐந்து சீசன்கள்தான் வான்கூவரில் எடுக்கப்பட்டவை. ஆறாவது சீசனிலிருந்து படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. அப்புறம் 2016, 2018இல் வந்த சீசன்களுக்குத்தான் வான்கூவர் திரும்பினார்கள்.

பனி விஷயம் சுத்தமாகத் தப்பு. கனடா என்றாலே பனி என்று நினைத்துக்கொள்கிறோம். கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் வின்னிபெக் நகரத்துக்கு அது பொருந்தும். வான்கூவரோ பசிபிக் கரையில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பெரும்பாலும் மழைதான். டிசம்பரில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து வருகிறவர்கள் மழைக்கோட்டோடு இருட்டில்தான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். நனைந்து மின்னும் தார்ச்சாலை, ஈரம் சொட்டும் ஊசியிலைக் காடு, டார்ச் வெளிச்சத்தில் புகையாகத் தெரியும் மூச்சு: அந்தத் தொடரின் அழகே இதுதான். ஐந்தாவது சீசனையும் ஆறாவதையும் அடுத்தடுத்துப் பாருங்கள், வெளிச்சம் மாறியது உடனே கண்ணில் படும்.