"மனுசனைப் பார்க்காதே, ஆண்டவரைப் பார்" என்று சொல்கிறவர்களுக்கு

கோட்டப்பாளையம் வழக்குச் செய்தியை இங்கே பகிர்ந்ததிலிருந்து உள்பெட்டியில் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். "இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் பூசைக்குப் போகிறாய்? வெளியே வந்துவிடு" என்பது ஒன்று. கேட்பவர்கள் என் மேல் அக்கறை உள்ள நண்பர்கள். இன்னொன்று சொந்தபந்தத்திடமிருந்தும் எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களிடமிருந்தும் வருகிறது: "நம்ம வீட்டு விசயத்தைத் தெருவில் போடலாமாம்மா? மனுசனைப் பார்க்காதே, ஆண்டவரைப் பார்." இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

செய்தி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கோட்டப்பாளையம் திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது, கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு. வழிபாட்டிலும் திருவிழாவிலும் கல்லறையிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று அங்குள்ள தலித் கத்தோலிக்கர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அங்கே வழி பிறக்காமல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் அவர்கள் சொன்ன எதுவும் எனக்குப் புதிதில்லை.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். ஊரும் காலனியும் சேர்ந்து ஒரே பங்கு, இரண்டு பக்கமும் கத்தோலிக்கர்கள். மாதா திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். காலனியில் மட்டும் வசூலுக்கு வர மாட்டார்கள். இதைச் சலுகை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. வரி கொடுத்த குடும்பத்தின் பெயர்தான் கோயில் நோட்டில் ஏறும். பெயர் இருந்தால்தான் கூட்டத்தில் உட்காரலாம், நவநாளில் ஒரு நாள் உபயம் எடுக்கலாம், தேர் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று கேட்கலாம். வரி வாங்காவிட்டால் நம் சொந்தக் கோயிலிலேயே நாம் விருந்தாளி.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருசம் அப்பா பணத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கோயில் கமிட்டிக்கே போனார். நானும் கூடப் போனேன். "உங்ககிட்ட எதுக்குப்பா வரி? வந்து சாமி கும்பிட்டுட்டுப் போங்க" என்று சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள். பங்குச்சாமியார் அங்கேதான் இருந்தார். திருவிழா நோட்டீஸில் பிழை திருத்திக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து, கோயிலுக்குள் போய், அந்தப் பணத்தை அப்படியே உண்டியலில் போட்டார். எங்கள் பணத்தை உண்டியல் வாங்கிக்கொள்ளும். எங்கள் பெயரை நோட்டு வாங்காது.

சாவிலும் இதே கதைதான். சவப்பெட்டியைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் வண்டியைத் தூம்பா என்போம். ஊருக்கு ஒரு தூம்பா, காலனிக்கு ஒரு தூம்பா. ஆயா இறந்தபோது எங்கள் தூம்பாவில் ஒரு சக்கரம் கழன்று, பாதி தூரம் சித்தப்பாக்கள் தோளில்தான் தூக்கிப்போனார்கள். நல்ல வண்டி கோயில் கொட்டகையில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் இப்படிச் சேர்ந்து கிடந்த மனக்கசப்புகள்தான் வெடித்தன. தனிப் பங்கு கேட்ட தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அடித்தவர், அடிபட்டவர், சுடப்பட்டவர் எல்லோரும் கத்தோலிக்கர்கள். ஒரே மாதாவைக் கும்பிட்டவர்கள்.

சரி, "ஆண்டவரைப் பார்" என்பதற்கு வருகிறேன். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஓர் ஆழமான போதனை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் என்ற பிரிவினர், கிறிஸ்தவர்களை அரசு துன்புறுத்திய வேதகலாபனைக் காலத்தில் பயந்து வேதநூல்களை ஒப்படைத்துவிட்ட குருக்கள் கொடுக்கும் திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் செல்லாது என்றார்கள். புனித அகுஸ்தினார் அதை மறுத்தார். திருமுழுக்குக் கொடுப்பது கிறிஸ்து. குருவானவரின் பாவம் அந்த அருளைக் கெடுக்காது என்றார். நானும் அதை விசுவசிக்கிறேன். தலை நிமிராத அந்தச் சாமியாரின் கையிலிருந்து நான் வாங்கியதும் உண்மையான நற்கருணைதான்.

ஆனால் அந்தப் போதனை யாருக்காக வந்தது? குருவின் பாவத்தால் விசுவாசிக்கு அருள் தடைப்படக் கூடாது என்பதற்காக வந்தது. குருவைக் கேள்வியிலிருந்து காப்பாற்றுவதற்காக வரவில்லை. ஏழை விசுவாசிக்கு ஆறுதலாகக் கொடுத்த போதனையை எடுத்து அதே ஏழையின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறோம். என் கோபமெல்லாம் இங்கேதான்.

ஆண்டவரைப் பார்க்கச் சொல்கிறீர்கள், பார்க்கிறேன். அவர் என்ன சொல்கிறார்? பீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் பண்ணு என்கிறார். கொரிந்து சபையில் வசதி உள்ளவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று சின்னப்பர் (பவுல்) கடிந்துகொண்டார். உடலை இன்னதென்று அறியாமல் உண்பவர் தன்மேல் தண்டனைத் தீர்ப்பை வருவித்துக்கொள்கிறார் என்றும் எழுதினார். எங்கள் ஆயா காலத்தில் ஊர்க்காரர்கள் நன்மை (நற்கருணை) வாங்கி முடித்த பிறகுதான் காலனிக்காரர்கள் எழுந்து போக வேண்டும். இந்த வாசகத்தை அங்கே அன்று யார் எப்படிப் பிரசங்கித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இன்னொரு இடம் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். அந்தியோக்கியாவில் இராயப்பர் (பேதுரு) பிற இனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். சின்னப்பர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்லவில்லை, திருச்சபையின் பெயர் கெடுமே என்று மூடி வைக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். எதிர்த்ததைக் கடிதத்திலும் எழுதினார். நாம் முதல் பாப்பரசர் என்று கொண்டாடுகிற மனிதர், சேர்ந்து சாப்பிடாத குற்றத்துக்காக ஊரறியக் கண்டிக்கப்பட்டார். அந்தக் கடிதம் வேதாகமத்தில் இருக்கிறது. பூசையில் அதை வாசித்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்கிறார்கள். "இறைவா உமக்கு நன்றி" என்று நாமும் சொல்கிறோம். கண்டித்தவருக்கும் கண்டிக்கப்பட்டவருக்கும் ஜூன் 29இல் ஒரே நாளில் திருவிழா எடுக்கிறோம்.

எனக்கு இந்தப் புத்தியெல்லாம் பெரியார் படித்ததால் வந்தது என்று மாமா ஒருவர் எழுதியிருக்கிறார். பெரியாரைப் படித்திருக்கிறேன், நன்றியோடுதான் படித்தேன். ஆனால் மாமா, பந்தியைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்டவர் சின்னப்பர்.

இந்த நோய் எங்கிருந்து வந்தது என்றால், வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தே நோபிலி, சாதி என்பது சமூக வழக்கம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணத்தில் பிராமண சந்நியாசி போல வாழ்ந்து மறை பரப்பினார். அவருடைய தமிழும் தவமும் பெரியவை. ஆனால் உயர்சாதியாருக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று பிரித்துக்கொண்டபோதே எங்கள் தலையெழுத்தும் எழுதப்பட்டுவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலை 19ஆம் நூற்றாண்டில் கால்சட்டை மாதிரி இரண்டு கூடங்களாகக் கட்டினார்கள். பீடம் ஒன்று, பூசை ஒன்று. அந்தச் சாதியினர் இந்தச் சாதியினர் முகத்தைப் பார்க்காமல் பூசை காணலாம். பிறகு ஒரு சேசு சபைக் குரு துணிந்து தடுப்பை இடித்தார், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கட்டியதும் திருச்சபை, இடித்ததும் திருச்சபை. இடித்த குருவைப் பற்றி எந்த மறைக்கல்வி வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆவணங்களுக்குக் குறைவே இல்லை. 2003 நவம்பரில் உரோமைக்குப் போன தமிழக ஆயர்களிடம் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தாலே அது மறைபரப்புப் பணிக்குப் பெரிய தடை என்று நேரடியாகச் சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு, அது பாவம் என்றும் சொன்னது. இந்தியக் கத்தோலிக்கர்களில் மூன்றில் இரண்டு பங்கு தலித்துகள் என்பார்கள். முதல் தலித் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா உயர்த்தப்பட்டது 2022 ஆகஸ்டில். அதே வருடம் மே மாதம் நம் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, அவர் பெயரோடு இருந்த "பிள்ளை"யை உரோமை சேர்க்கவில்லை. எங்கள் பங்கிலும் பேனர் கட்டி வெடி போட்டோம். அந்த வருசத் தேரும் காலனிக்கு வரவில்லை.

1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களான எங்களைச் சேர்க்கவில்லை. மதம் மாறினாலும் சாதிக்கொடுமை போகவில்லை என்று ஆயர்கள் ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஆம் தேதியும் கறுப்பு நாள் அனுசரித்துக் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை, நானும் அந்த ஊர்வலத்தில் நடந்திருக்கிறேன். ஆனால் அரசாங்கத்திடம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிற உண்மையை எங்கள் ஊர்க் கமிட்டியிடம் சொல்ல ஏன் நாக்கு எழவில்லை?

"வீட்டு விசயம்" என்கிற அந்தத் தயக்கம் சாதியோடு நிற்பதில்லை. 2018 செப்டம்பரில் கேரளத்தில் ஐந்து கன்னியர்கள், ஓர் ஆயர் மேல் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்த தங்கள் சகோதரிக்கு நியாயம் கேட்டு, கொச்சியில் தெருவில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஆயரை 2022 ஜனவரியில் நீதிமன்றம் விடுவித்தது. என்னை உறுத்துவது அதற்கு முந்திய கட்டம். துறவு உடையோடு அந்தப் பெண்கள் தெருவுக்கு வருகிற வரைக்கும் உள்ளே கேட்க ஆளில்லாமல் போனதே, அது. வீட்டு விசயத்தை வீட்டுக்குள் கேட்டிருந்தால் அவர்கள் ஏன் தெருவுக்கு வரப்போகிறார்கள்?

இனி வெளியே வரச் சொல்லும் நண்பர்களுக்கு. நம்பிக்கை வேறு, திருச்சபை வேறு என்று பிரித்துக்கொண்டு, வீட்டிலேயே வேதாகமம் வாசித்துச் செபித்தால் நிம்மதிதான். என்னால் முடியவில்லை. என் விசுவாசம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு ஓர் உபதேசியார் வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்கினார். ஆயா எனக்குப் பழக்கினார். கடைசி வரை "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து" என்றுதான் சிலுவை போட்டுக்கொள்வார். இயேசு நகர வாயிலுக்கு வெளியே பாடுபட்டார் என்று எபிரேயர் நிருபத்தில் இருப்பது ஆயாவுக்குத் தெரியாது. ஆனால் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் காட்டி, "அவரையும் ஊருக்கு வெளியதான் கொன்னாங்க" என்று சொல்வார். காலனியில் பிறந்த ஒரு கிழவிக்கு அது ஆறுதல் மட்டும் இல்லை. கடவுள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்ற தெளிவு. அந்தத் தெளிவு ஆயாவுக்கு வந்தது இந்தத் திருச்சபை வழியாகத்தான். அப்பாவைப் படிக்க வைத்த சிஸ்டர்களின் போர்டிங்கும் இந்தத் திருச்சபைதான். எங்கள் உழைப்பில் எழுந்த கோயிலை, எங்கள் செபத்தில் நிற்கிற கோயிலை, நோட்டில் பெயர் இருக்கிறவர்களுக்குத் தாரைவார்த்துவிட்டு நான் எங்கே போவது?

ஆனால் போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெரியப்பா மகன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனான். அங்கே அவனுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். அத்தை மகள் பௌத்தம் தழுவினாள். அவர்களை விசுவாசத்தில் உறுதியில்லாதவர்கள் என்று பிரசங்கத்தில் சொன்னபோது நான் பூசையின் நடுவில் எழுந்து நின்றேன். போனவர்களைப் பற்றிப் பேசும் முன், போகவைத்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும். "கடமையில் தவறியதாலும்" பாவம் செய்தேன் என்று பூசைக்குப் பூசை மார்பில் தட்டிக்கொள்கிறோம். பிழை திருத்திக்கொண்டு தலை நிமிராமல் இருந்ததும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஆயர் நினைத்தால் இதை மாற்றலாம். கொடியேற்றத்துக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில் இருக்கிறது. எல்லாக் குடும்பத்திடமும் வரி வாங்கி ஒரே நோட்டில் எழுத வேண்டும். தேர் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும், இல்லையென்றால் அந்த வருசம் தேரே வேண்டாம். தூம்பாவும் கல்லறைத் தோட்டமும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம்.

இதையே மனுவாக எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அப்பாவுடையது, இரண்டாவது ஊர்த்தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. எங்கள் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ள யாரும் கையெழுத்துப் போடலாம், இப்போது எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடியேற்றத்துக்கு முன்பே ஆயர் இல்லத்தில் நேரில் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போடுகிறவர்களும் கூட வருகிறவர்களும் உள்பெட்டியில் சொல்லுங்கள்.