கேமரா மாட்டுபவர் இரவிலும் ஒருமுறை வர வேண்டும்

வாசலில் கேமரா மாட்டிய முதல் வாரம், போனில் அலர்ட் வந்தால் வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் யாரும் பார்ப்பதில்லை. பூச்சி, நாய், தென்னங்கீற்றின் நிழல் என்று ராத்திரி முழுக்க வந்தால் எத்தனை முறைதான் பார்ப்பது? ஒரு நாள் மியூட் போட்டுவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்தக் கேமரா காவலுக்கு இல்லை. திருட்டு நடந்த பிறகு போட்டுப் பார்ப்பதற்கு மட்டும்தான்.

இதில் வீட்டுக்காரர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. கேமரா மாட்டுவது பகலில், பொய் அலர்ட் வருவது இரவில். மாட்டியவர் படம் தெளிவாகத் தெரிவதைக் காட்டிவிட்டு, போனில் ஆப்பை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அலர்ட் செட்டிங் கம்பெனியிலிருந்து வந்தபடியே கிடக்கிறது. எங்கே அசைந்தாலும், எது அசைந்தாலும், எந்நேரமும் அலர்ட். இருட்டிய பிறகு இன்னொரு முறை வந்து செட்டிங்கைச் சரிபார்ப்பதும் மாட்டும் வேலையின் ஒரு பகுதிதான். அதைக் கேட்டு வாங்குங்கள், கூலி பேசும்போதே பேசிவிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம்.

பொய் அலர்ட் அதிகமானதும் எல்லோரும் முதலில் கைவைப்பது சென்சிட்டிவிட்டியில்தான், அதாவது எவ்வளவு சின்ன அசைவுக்கு அலர்ட் தர வேண்டும் என்ற அளவில். அதைத்தான் கடைசியில் தொட வேண்டும். சாதாரண மோஷன் டிடெக்‌ஷனுக்கு ஆள், பூச்சி என்று எதுவும் தெரியாது. முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எத்தனை புள்ளிகள் மாறியிருக்கின்றன என்று மட்டும் பார்க்கிறது. லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் பறக்கும் விட்டில்பூச்சி, 8 மீட்டர் தள்ளி கேட்டருகே நிற்கும் ஆளைவிடப் படத்தில் பெரிதாகத் தெரியும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது அந்த ஆள்தான். பூச்சி அப்படியே இருக்கும்.

அதனால் முதல் வேலை எண்ணுவது. மூன்று இரவு எதையும் மாற்றாமல் விட்டு, காலையில் ஒவ்வொரு கிளிப்பையும் பார்த்துக் காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சி இத்தனை, வண்டி வெளிச்சம் இத்தனை, நாய் இத்தனை, செடி இத்தனை. பெரும்பாலும் ஒன்றிரண்டு காரணங்களே முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருக்கும். அதற்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதும்.

பூச்சியும் சிலந்தியும்தான் நம் ஊரில் பெரிய தொல்லை. கேமராவிலேயே இருக்கும் ஐஆர் லைட், அதாவது இருட்டில் படம் பிடிக்க உதவும் அகச்சிவப்பு விளக்கு, லென்ஸைச் சுற்றி எரிவதால், பக்கத்தில் வரும் சின்னக் கொசுகூட வெள்ளைப் பந்து மாதிரி தெரியும். மழைத்துளி வெள்ளைக் கோடாக ஓடும். கேமராவின் தலைப்பகுதி ஒதுக்குப்புறமாக, வெதுவெதுப்பாக இருப்பதால் சிலந்தி அங்கேயே கூடு கட்டும். காற்றில் ஒரு இழை ஆடினால் போதும், இரவு முழுக்க அலர்ட். வாரம் ஒருமுறை ஒட்டடைக்குச்சியால் கேமராவைச் சுற்றித் தட்டிவிடுங்கள். பிராக்கெட்டிலும் அடிப்பகுதியிலும் மெல்லிசாக வாசலின் தடவலாம், கண்ணாடியில் படக் கூடாது. டோம் கேமராவின் அரைக்கோள மூடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். கீறலிலும் தூசியிலும் ஐஆர் பட்டுச் சிதறி, படம் முழுக்கப் பனிமூட்டம் போலாகும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் வெளிச்சத்தைக் கேமராவிலிருந்து பிரிக்க வேண்டும். தனி ஐஆர் விளக்கு (இல்லுமினேட்டர்) ஒன்றை ஒரு மீட்டராவது தள்ளி மாட்டி, கேமராவின் ஐஆரை அணைத்துவிட்டால் லென்ஸ் முன்னால் பறப்பது அவ்வளவாக மின்னாது. இரவிலும் கலரில் காட்டும் கேமராக்களை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் வெள்ளை லைட் விளக்குப் பூச்சியைக் கூட்டமாக இழுக்கும். ஐப்பசி மழை விட்ட இரவில் ஈசல் கிளம்பினால் சொல்லவே வேண்டாம். வழக்கமாக ஐஆரில் இருந்து, ஆள் வந்தால் மட்டும் வெள்ளை லைட் போடும் முறை அதில் இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது இடம். உயரம் இரண்டரை முதல் மூன்று மீட்டர், முகம் நன்றாகக் கீழ்நோக்கி. படத்தில் வானம் தெரியக் கூடாது, தெருவும் முடிந்தவரை தெரியக் கூடாது. தெரு தெரிந்தால் ஒவ்வொரு பைக்கின் ஹெட்லைட்டும் அலர்ட்தான், எதிர்வீட்டாரின் வாசலை நாம் படம் பிடிப்பது வேறு. சன்ஷேடின் அடிப்பாகமோ பக்கச் சுவரோ படத்தின் ஓரத்தில் இருந்தால் ஐஆர் அதில் பட்டுத் திரும்பும். கேமரா கண் கூசியது போல வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள, தூரம் இருண்டு புள்ளி புள்ளியாகிவிடும். கேட்டைப் பார்க்கும் கேமராவுக்கு 2.8 எம்எம் லென்ஸைவிட 4 எம்எம் நல்லது. பார்வை குறுகும், ஆனால் ஆள் பெரிதாகத் தெரிவான்.

இப்போதுதான் செட்டிங். ஏஐ உள்ள கேமராவாக இருந்தால், அதாவது ஆள், வண்டி என்று பிரித்தறியும் வசதி இருந்தால், சாதாரண மோஷன் அலர்ட்டை அணைத்துவிட்டு ஆளுக்கு மட்டும் வையுங்கள். இந்த வசதி ஹிக்விஷன் கேமராக்களில் அக்யூசென்ஸ், டாஹுவா கேமராக்களில் எஸ்எம்டி என்ற பெயரில் இருக்கும். இரண்டையும் ஒன்றாக ஓட விட்டுவிட்டு ஏஐ சரியில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று படத்தின் மேல் பரப்பு வரையும்போது கால் படும் தரையை மட்டும் வரையுங்கள். மதில், துளசி மாடம், துணி காயும் கொடி, தோரணம் எல்லாம் வெளியே இருக்கட்டும். கோடு தாண்டினால் அலர்ட் என்று வைப்பதானால், கேட் கதவு ஆடும் இடத்தில் கோடு போடாதீர்கள். ஒரு மீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். படத்தின் ஓரத்தோடு ஒட்டியும் போடக் கூடாது. ஆள் கோட்டைத் தொடும் முன்பே கேமரா அவரைக் கண்டு பின்தொடரத் தொடங்கியிருக்க வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் இடம் தேவை.

நாய்க்கு, சின்ன உருவங்களை ஒதுக்கிவிடும் அளவு வடிகட்டி உதவும், ஆனால் ஒரே வடிகட்டி போதாது. கேமராவுக்குக் கீழே படுத்திருக்கும் நாய், கேட்டருகே நிற்கும் ஆளைவிடப் பெரிதாகத் தெரியும். ஆகவே பரப்பை முன்பகுதி, பின்பகுதி என்று இரண்டு விதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் குறைந்தபட்ச அளவு வையுங்கள். அந்த அளவை நிற்கும் ஆளுக்கு வைக்காதீர்கள், குனிந்து நடப்பவரும் அதில் அகப்பட வேண்டும்.

பேட்டரி கேமராக்களின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலும் பிஐஆர் சென்சார்தான் கேமராவை எழுப்புகிறது. அது பார்ப்பது வெப்ப வேறுபாட்டை. ஏசி அவுட்டோர் யூனிட்டின் சூடான காற்றும், வெயிலில் காய்ந்த தகரமும் அதை ஏமாற்றும். அக்னி நட்சத்திர வெயிலில் சுற்றுப்புறமே 37, 38 டிகிரியைத் தொடும்போது, ஆளின் உடல் சூடு அதற்குத் தனியாகத் தெரியாமலும் போகலாம். நேராக நோக்கி வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது நன்றாகப் பிடிக்கும். எனவே நடைபாதைக்குப் பக்கவாட்டில் மாட்டுங்கள்.

தினமும் பொழுது சாயும் நேரத்தில் மட்டும் அலர்ட் கொட்டினால், கேமரா பகல் மோடுக்கும் நைட் மோடுக்கும் மாறி மாறித் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் படம் முழுக்க மாறும். மாறுவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால், 60 ஹெர்ட்ஸில் இருப்பதை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து வந்தால் அது செட்டிங் கோளாறே அல்ல. ஐஆர் எரியும்போது கரண்ட் கூடுதலாகத் தேவைப்படும், நீளமான மெல்லிய ஒயரில் 12 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். ஒயரை மாற்றுவதுதான் வழி.

நேர மண்டலத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சீனத் தயாரிப்புகள் பல, பீஜிங் நேரமான +8:00 மணியில் வருகின்றன. நம்முடையது +5:30. இன்டர்நெட்டில் நேரம் எடுக்கும் கேமராவில் இதை மாற்றாமல் விட்டால் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். நீங்கள் இரவு 11 முதல் காலை 5 வரை என்று வைத்த அலர்ட், உண்மையில் இரவு 8.30-க்குத் தொடங்கி அதிகாலை 2.30-க்கு முடிந்துவிடும். வீட்டார் நடமாடும் நேரத்தில் தொல்லை, நன்றாகத் தூங்கும் நேரத்தில் காவலே இல்லை. ரீசெட், அப்டேட் எது நடந்தாலும் இதை ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருந்தால் சென்சிட்டிவிட்டியை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும், இல்லையென்றால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் கேட்டிலிருந்து வாசல்வரை மெதுவாக நடந்து வரட்டும், பிறகு மதிலோரமாக, பிறகு குனிந்தபடி. மூன்று முறையும் போனில் அலர்ட் வர வேண்டும். ஒன்று தவறினாலும் முந்தைய படிக்கே திரும்பிவிடுங்கள்.