பாஸ்வேர்டைத் தொலைத்தது வாடிக்கையாளர்தான், ஆனால்...

பிறருடைய டேட்டாவை இணையம் வழியே தங்கள் கணினிகளில் வைத்துத் தரும் கிளவுட் நிறுவனங்கள் எல்லாமே ஒரு பாகப்பிரிவினை வைத்திருக்கின்றன. கட்டடம், சர்வர், நெட்வொர்க் எங்கள் பொறுப்பு. நீங்கள் போட்டு வைக்கும் டேட்டா, யாருக்கு அனுமதி, என்ன செட்டிங் என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டேட்டா திருடு போகும்போதெல்லாம் இதைக் காட்டியே கை கழுவுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது.

ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் டேட்டா நிறுவனத்தின் 2024 விவகாரத்தைப் பாருங்கள். டிக்கெட்மாஸ்டர், சான்டான்டர் வங்கி, ஏடி அண்ட் டி என அதன் வாடிக்கையாளர்களான சுமார் 165 நிறுவனங்களுக்கு, டேட்டா களவு போயிருக்கலாம் என்று எச்சரிக்கை போனது. ஏடி அண்ட் டியின் ஏறக்குறைய எல்லா மொபைல் வாடிக்கையாளர்களும் 2022இல் ஆறு மாதம் எந்தெந்த நம்பர்களோடு பேசினார்கள் என்ற பதிவே போய்விட்டது. ஹேக்கர்கள் பெரிய வித்தை ஒன்றும் காட்டவில்லை. மால்வேர் என்ற திருட்டு மென்பொருள் வழியாகத் திருடிய பாஸ்வேர்டுகள் கையில் இருந்தன. சில 2020லேயே களவு போனவை. அந்தக் கணக்குகளில் ஓடிபி போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது. போட்டார்கள், திறந்தது. தங்கள் சிஸ்டத்தை யாரும் உடைக்கவில்லை என்றது ஸ்னோஃப்ளேக். உண்மைதான்.

ஆனால் ஒரு கம்பெனியின் அட்மின் ஆசைப்பட்டாலும், எல்லா ஊழியர்களுக்கும் அந்தச் சரிபார்ப்பை ஒட்டுமொத்தமாகக் கட்டாயமாக்கும் வசதி அப்போது ஸ்னோஃப்ளேக்கில் இல்லை. விஷயம் நாறிய பிறகு, ஜூலையில்தான் வந்தது! லிஃப்ட் கதவைச் சாத்தாமல் லிஃப்ட் நகராது. செய்தவன் பயணியின் ஞாபகசக்தியை நம்பவில்லை. இங்கே மட்டும் ஏன் நம்பினார்கள்? லாகின் தொல்லை என்று வாடிக்கையாளர் முனகுவாரே என்ற பயம்தான் என்பது என் ஊகம்.

2019இல் கேபிடல் ஒன் வங்கியிலும் இதே கதை. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின. வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலின் செட்டிங் தப்பு, தேவைக்கு மேல் அனுமதி. இரண்டுமே வங்கியின் பிழை. 8 கோடி டாலர் அபராதமும் வங்கிக்குத்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், அந்த வங்கிக்குக் கிளவுட் தந்த அமேசான், இந்த வகைத் திருட்டைக் கடினமாக்கும் புது முறையைக் கொண்டுவந்தது. பழைய முறையையும் கூடவே ஓடவிட்டது. வேண்டாமென்றால் நாம்தான் அணைக்க வேண்டியிருந்தது.

பெரிய வங்கிக்குப் பாதுகாப்புக்கென்றே தனிப் பட்டாளம் இருக்கிறது, சரி. நாலு பேர் வேலை பார்க்கும் ஸ்டார்ட்அப்பில் இதையெல்லாம் யார் தேடிப் பிடித்து அணைப்பது?

இந்தியாவின் 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டமும் நம்மிடமிருந்து டேட்டாவைப் பெற்ற நிறுவனத்தையே பிடிக்கிறது. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் ₹250 கோடி வரை அபராதம். கிளவுட்காரரோடு என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அந்தப் பொறுப்பு மாறாது. அதோடு ஒரு வரி சேர்க்கலாம் என்பேன்: பாதுகாப்பு வசதியைத் தராமலோ, தந்தும் தானாக இயங்காதபடியோ விற்றிருந்தால், அபராதத்தில் ஒரு பங்கு விற்றவருக்கும்.