விலையைப் பிரித்துக் காட்ட மறுக்கும் ஏசி வியாபாரம்

டெக்சாஸில் ஒரு வீட்டின் ஏசி ஜூலை மாதத்தில் நின்றுபோனால், அந்த வீட்டுக்காரரிடம் என்ன விலை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இந்தத் தொழிலில் பலரும் முடிவு செய்துவிட்டார்கள். டாலஸ் பகுதியில் வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நிற்கும் நாட்களில், ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோரை வீட்டில் வைத்துக்கொண்டு யாராலும் பத்து இடங்களில் விலை விசாரிக்க முடியாது. அந்தத் தவிப்பைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

2025 கோடையில் எங்கள் வீட்டு ஏசியின் கம்ப்ரஸர் போய்விட்டது. 2009இல் பொருத்திய, ஆர்-22 என்ற பழைய வகைக் குளிரூட்டும் வாயுவில் ஓடும் இயந்திரம் என்பதால் வெளி யூனிட்டோடு அட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள இடத்தில்) உள்ள குளிர்விக்கும் காயிலையும் மாற்றியாக வேண்டும் என்றார்கள் வந்து பார்த்த ஒப்பந்தக்காரர்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய, வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸையும் சேர்த்து மாற்றினால்தான் வேலையை எடுப்போம் என்று அடம்பிடித்தார்கள். ஒரு நிறுவனம் 11,800 டாலர் கேட்டது. இன்னொரு நிறுவனம் அதே நான்கு டன் கொள்ளளவுக்கு, ஏறத்தாழ அதே திறனுக்கு, 19,400 டாலர் கேட்டது. நடுவில் நிற்கும் 7,600 டாலர் எதற்கு என்று கேட்டதற்கு, ‘எங்கள் வேலையின் தரம் வேறு’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இயந்திரத்தின் விலை என்ன, கூலி என்ன, நகராட்சி பெர்மிட்டுக்கு என்ன, பழைய வாயுவை வெளியே எடுப்பதற்கு என்ன என்று எதுவும் அவர்கள் கொடுத்த விலைத் தாளில் இல்லை. ஒரே ஒரு மொத்தத் தொகை, அதன் கீழே மாதத் தவணை, அதற்கும் கீழே ‘இன்றே கையெழுத்திட்டால் 1,500 டாலர் தள்ளுபடி’. இன்று மாலை குறைக்க முடிந்த தொகையை நாளைக் காலையில் ஏன் குறைக்க முடியாது?

விலை ஏறியதற்குப் புதிய வாயுவைக் காரணம் காட்டுகிறார்கள். ஆர்-410ஏ வாயுவில் ஓடும் புதிய வீட்டு ஏசிகளைத் தயாரிப்பது 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது உண்மை. கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 2,088 மடங்கு புவியைச் சூடாக்கும் அந்த வாயு போய், 466 மடங்கு மட்டுமே சூடாக்கும் ஆர்-454பி வந்திருப்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். புதிய வாயு இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் கசிவை உணரும் சென்சார் தேவை. அதற்கும் செலவு உண்டு. அந்தக் கோடையில் ஆர்-454பி சிலிண்டருக்குத் தட்டுப்பாடும் இருந்தது. ஆனால் வெளி யூனிட் தொழிற்சாலையிலேயே வாயு நிரப்பப்பட்டுத்தான் வருகிறது. செம்புக் குழாய் நீளமாக இருந்தால்தான் மேற்கொண்டு கொஞ்சம் சேர்ப்பார்கள். அப்படியிருக்க, எத்தனை ஆயிரம் டாலரைத்தான் சிலிண்டரின் தலையில் கட்டுவது?

பிராண்டு பெயர்களின் கதையும் இதுதான்: பெயர்கள் வேறு, நிறுவனம் ஒன்று. பிரயன்ட், பெய்ன் இரண்டும் கேரியரின் பெயர்கள். டிரேனும் அமெரிக்கன் ஸ்டாண்டர்டும் ஒரே குடும்பம். குட்மேனை 2012இல் டைக்கின் வாங்கிவிட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு நேராக மொத்த விற்பனையாளரிடம் போய்க் கேட்டால், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரருக்கு மட்டும்தான் விலை சொல்வோம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஊரில் ஏசி பெட்டியின் மேலேயே எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கிறது, இங்கே வாங்குகிறவருக்கு அந்த ஓர் எண்ணைக்கூடக் காட்ட மாட்டார்கள்.

இவ்வளவு பணம் கேட்பவர்கள் வேலையையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? வீட்டின் பரப்பு, ஜன்னல்கள், சுவர்க் காப்பு ஆகியவற்றை அளந்து எத்தனை டன் வேண்டும் என்று கணக்கிட ‘மேனுவல் ஜே’ என்ற முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. வந்தவர்களில் ஒருவரும் டேப்பை வெளியே எடுக்கவில்லை. பழையது நான்கு டன், ஆகவே புதியதும் நான்கு டன். தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடும், காற்றின் ஈரத்தைச் சரியாக வாங்காது, சீக்கிரம் தேயும் என்பது தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஏசியாகவும் ஹீட்டராகவும் ஓடும் தகுதியான ஹீட் பம்ப் வைத்தால் 2,000 டாலர் வரை கூட்டாட்சி வரிச் சலுகை கிடைத்திருக்கும் என்பதையும் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நாங்கள் 11,800 டாலரைக் கொடுத்தோம், வேலை செய்துகொண்டிருந்த ஃபர்னஸும் குப்பைக்குப் போனது.

புதிய கார்களின் கண்ணாடியில் விலைப் பட்டியல் ஒட்ட வேண்டும் என்று இந்த நாடு 1958லேயே சட்டம் போட்டது. அடிப்படை விலை, கூடுதல் வசதிகளின் விலை, கொண்டுவரும் செலவு எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். ஒரு காரின் விலைக்கு நிகரான பணத்தை விழுங்கும் ஏசிக்கு மட்டும் அது ஏன் இல்லை? டெக்சாஸில் ஏசி ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் கொடுக்கும் மாநிலத் துறை, உரிம எண்ணை ரசீதில் அச்சிடச் சொல்கிறது. இயந்திரம், கூலி, வாயு, பெர்மிட் ஆகிய நான்கையும் தனித்தனி வரிகளில், கையெழுத்து வாங்குவதற்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் அதே துறை அடுத்த கோடைக்குள் கொண்டுவர வேண்டும்.