பழைய பேரை வைத்து லயன்ஸ் அணியை எடுக்காதீர்கள்

ரக்பி பார்க்கிறவர்களிடம் பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் என்று சொன்னால் போதும், யாரை எடுத்திருக்க வேண்டும், யாரை விட்டிருக்க வேண்டும் என்ற சண்டை உடனே ஆரம்பித்துவிடும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என்று மற்ற நாட்களில் ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளும் நான்கு அணிகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, நான்கு வருடத்துக்கு ஒரு முறை ஒரே சிவப்புச் சட்டையில் ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ அனுப்புகிறார்கள். ஒரே நாட்டுக்குத் திரும்பப் போக 12 வருடம் ஆகும். சேர்ந்து பயிற்சி செய்யக் கிடைப்பது சில வாரங்கள். அதனால் பாதித் தொடர் விமானம் ஏறும் முன்பே, பெயர்ப் பட்டியலிலேயே முடிவாகிவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்கு இன்னும் மனசு ஆறாத தொடர் 2005 நியூசிலாந்து. கோச் கிளைவ் உட்வர்ட், 2003-இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர். அவர் அறிவித்த 44 பேரில் 20 பேர் இங்கிலாந்துக்காரர்கள். அந்த வருட சிக்ஸ் நேஷன்ஸில் (ஐரோப்பாவின் ஆறு நாடுகள் வருடா வருடம் ஆடும் போட்டி) இங்கிலாந்து வந்தது நான்காவது இடம்! எல்லா ஆட்டத்தையும் ஜெயித்துப் பட்டம் வாங்கிய வேல்ஸிலிருந்து 10 பேர்தான். கிறைஸ்ட்சர்ச்சில் முதல் டெஸ்டுக்கு, அதாவது நியூசிலாந்து தேசிய அணியோடு ஆடும் ஆட்டத்துக்கு, இறங்கிய 15 பேரில் இங்கிலாந்து 8, வேல்ஸ் 4. இரண்டு வருடத்துக்கு முந்தைய வெற்றியை நம்பி எடுத்த அணி அது. குளிரும் மழையுமாக இருந்த அந்த இரவில் லயன்ஸின் லைன்அவுட் (வெளியே போன பந்தை ஓரக்கோட்டிலிருந்து உள்ளே எறிந்து, ஆட்களைத் தூக்கிப் பிடிக்கும் இடம்) நொறுங்கிப்போனது. தாங்களே எறிந்த பந்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை. 21-3 என்று தோல்வி. அப்புறம் வெலிங்டனில் 48-18, ஆக்லாந்தில் 38-19. கேப்டன் பிரையன் ஓ'டிரிஸ்கால் முதல் சில நிமிடங்களிலேயே தலைகீழாகத் தூக்கிப் போடப்பட்டுத் தோள்பட்டை விலகி வெளியேறியது கொடுமைதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மூன்று டெஸ்டுகளும் போனதற்கு அது ஒன்றே காரணம் ஆகாது.

உட்வர்ட் மேல் எனக்குள்ள வருத்தம், அவர் பழைய தோல்வியைப் பார்க்கவில்லை என்பதல்ல. பார்த்தார். 2001-இல் ஆஸ்திரேலியாவில் 2-1 என்று தோற்றபோது, பயிற்சியிலேயே ஆட்களைப் பிழிந்துவிட்டார்கள், டெஸ்டில் இடம் கிடைக்காதவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று வீரர்களே வெளிப்படையாகக் குமுறினார்கள். அதற்கு மருந்தாக உட்வர்ட் ஆட்களைக் கூட்டினார், டெஸ்டுகளுக்கு இடையே உள்ளூர் அணிகளோடு ஆடும் வார நடு ஆட்டங்களுக்குத் தனிப் பயிற்சிக் குழு வைத்தார், ஆளுக்கு ஒரு தனி அறை கொடுத்தார். கடைசியில் ஒரே சட்டையில் இரண்டு அணிகள் ஊர் சுற்றின. இயன் மெகீகன் பார்த்துக்கொண்ட வார நடு அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அங்கே ஜெயித்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு டெஸ்ட் கதவு திறக்கவே இல்லை. (2001-இல் லயன்ஸ் கோச்சாகத் தோற்ற கிரஹாம் ஹென்றிதான் 2005-இல் நியூசிலாந்தின் கோச். அந்தத் தோல்வியிலிருந்து சரியாகக் கற்றுக்கொண்டவர் அவர்தான் போலிருக்கிறது.)

தோல்வியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு எனக்கு மெகீகன்தான் உதாரணம். 1993-இல் நியூசிலாந்தில் அவர் பொறுப்பில் லயன்ஸ் 2-1 என்று தோற்றது. கடைசி வாரங்களில் வார நடு அணி மனம் விட்டுப்போய் உள்ளூர் அணிகளான ஹாக்ஸ் பேயிடமும் வைகாட்டோவிடமும் உதை வாங்கியது. அதனால் 1997-இல் உலக சாம்பியன் தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பும்போது, ஊரை விட்டு வந்து வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற ஆட்களைத் தேடினார். ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி லீக்கில் சம்பளத்துக்கு ஆடிப் பழகித் திரும்பிய ஸ்காட் கிப்ஸ், ஆலன் டெய்ட் போன்றவர்களைச் சேர்த்தார். ஸ்க்ரம்மில் (இரண்டு அணியின் முன்னணி ஆட்களும் கட்டிக்கொண்டு பந்துக்காக முட்டித் தள்ளும் இடம்) மலை மாதிரி நிற்கும் ஓஸ் டு ராண்ட் பக்கத்துக்கு எதிராக, குனிந்து அடியில் புகுந்து தள்ளக்கூடிய டாம் ஸ்மித்தையும் பால் வாலஸையும் ப்ராப்பாக, அதாவது முன்வரிசையின் இரண்டு ஓரங்களிலும், நிறுத்தினார். வாலஸ் காயம்பட்டவருக்குப் பதிலாகச் சேர்ந்தவர். நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தும் ஃப்ளைஹாஃபான நீல் ஜென்கின்ஸை, உதைக்கும் திறனுக்காகவே பின்னால் கடைசியாக நிற்கும் ஃபுல்பேக்கில் போட்டார். டர்பனில் தென்னாப்பிரிக்கா மூன்று ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) அடித்தும் ஒரு கிக்கைக்கூட உள்ளே போடவில்லை. ஜென்கின்ஸ் ஐந்து பெனால்டி, கடைசியில் ஜெரமி கஸ்காட் பந்தைத் தரையில் தட்டி உதைத்த டிராப் கோல். 18-15, தொடர் கையில்.

அதே மெகீகன் 2009-இல் மறுபடி தென்னாப்பிரிக்கா போனபோது அணியை 37 பேராகச் சுருக்கினார், ஒரு அறைக்கு இரண்டு பேர் என்று மாற்றினார். அந்தத் தொடரை லயன்ஸ் தோற்றது. இருந்தாலும் ஸ்க்ரம்மில் நடந்ததை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டர்பனில் முதல் டெஸ்ட். பில் விக்கரி உலகக் கோப்பை ஜெயித்த ப்ராப். அவரைத் தென்னாப்பிரிக்காவின் தெண்டாய் ம்தவாரீரா கீழிருந்து தூக்கி மேலே நிறுத்திவிடுகிறார், அதுவும் ஒரு முறை இல்லை. பெனால்டி மேல் பெனால்டி. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் விக்கரியை எடுத்துவிட்டு ஆடம் ஜோன்ஸை இறக்கியதும் ஸ்க்ரம் நின்றது. 26-21 என்று தோற்றாலும் அடுத்த வாரம் பிரிட்டோரியாவில் முன்வரிசை மூன்று பேருமே வேல்ஸ். அங்கே தென்னாப்பிரிக்காவால் அந்தப் பக்கம் அசைக்க முடியவில்லை. இரண்டாம் பாதியில் ப்ராப்கள் இருவரும் காயத்தோடு வெளியே போனார்கள், கடைசி நிமிடத்தில் மோர்னே ஸ்டெய்ன் தன் பாதியிலிருந்தே உதைத்த பெனால்டியில் 28-25 என்று தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. மூன்றாவது டெஸ்டில் வேறு வழியில்லாமல் விக்கரியையே திரும்ப அழைத்தார்கள். ஜொஹனஸ்பர்கில் அதே விக்கரி, ஆண்ட்ரூ ஷெரிடனோடு சேர்ந்து ஸ்க்ரம்மை ஜெயித்தார். 28-9 என்று லயன்ஸுக்கு வெற்றி. ஒரு மோசமான நாளை வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது.

அடுத்து வந்த கோச் வாரன் கேட்லண்ட் விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. 2013 சிட்னி டெஸ்டில் அயர்லாந்துக்காரரான ஓ'டிரிஸ்காலை உட்காரவைத்து வேல்ஸ்காரர்கள் 10 பேரை இறக்கியபோது அயர்லாந்தே கொதித்தது. நான் கேட்லண்ட் பக்கம்தான். அன்று யார் சரியாக இருப்பார் என்று பார்த்தார், பேரைப் பார்க்கவில்லை. 41-16 என்று லயன்ஸ் ஜெயித்தது. ஆனால் 2017-இல் நியூசிலாந்தில் ஆள் தேவைப்பட்டதும், பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதற்காக வேல்ஸ், ஸ்காட்லாந்து அணிகளிலிருந்து ஆறு பேரைக் கூப்பிட்டாரே, அதை ஏற்கவே முடியாது. அந்தச் சட்டைக்காக வாழ்நாள் முழுக்க உழைத்தவர்கள் ஊரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் இப்போது எழுதக் காரணம், 2027-இல் பெண்கள் லயன்ஸ் அணி முதல் முறையாகப் பயணம் போகிறது, அதுவும் நியூசிலாந்துக்கு. அவர்களுக்குச் சொந்தத் தோல்வி ஒன்றும் இல்லை, ஆண்களுடையதைத்தான் படிக்க வேண்டும். 2025-இல் உலகக் கோப்பை ஜெயித்த இங்கிலாந்திலிருந்து நிறையப் பேர் வருவார்கள், வரட்டும். ஆனால் அவர்களும் அந்தச் சமயத்தில் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும், பதக்கத்தைப் பார்த்து வேண்டாம். 2024-இல் வான்கூவரில் நியூசிலாந்தை 29-27 என்று வீழ்த்தியது அயர்லாந்து. அந்த அணியில் இருந்தவர்கள் நல்ல ஃபார்மில் இருந்தால், எண்ணிக்கைக்காக இல்லாமல் டெஸ்ட் அணிக்காகவே கூப்பிட வேண்டும். டெஸ்டில் இடம் கிடைக்காதவர்களும் டெஸ்ட் அணியோடு ஒரே மைதானத்தில், ஒரே கோச்சிடம் பயிற்சி எடுக்க வேண்டும்.