தோத்தாங்கன்னு சொன்னது அவ்வளவு பெரிய குத்தமா?

ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்றைக்கு, 2019 ஆகஸ்ட் 6, அமெரிக்காவில் 2020 அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் யார் என்ற போட்டியைப் பற்றி குவின்னிப்பியாக் பல்கலைக்கழகத்தின் கருத்துக்கணிப்பு வந்துவிட்டது. ஜூலை ஆரம்பத்தில் கமலா ஹாரிஸுக்கு 20 சதவீதம். வேட்பாளர்களின் டெட்ராய்ட் விவாதத்துக்கு இரண்டு நாள் முன்னால் 12. இன்றைக்கு 7. இனிமேல் நான் எழுதினால் "நீ சொல்லித்தான் இறங்கிச்சு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். சொல்கிறவர்கள் அப்போதும் சொல்வார்கள், சொல்லட்டும்.

நடந்தது என்னவென்று கமலாவை ஆதரிக்கும் நம் வாட்ஸாப் குழுவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கும் இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும், நம் ஆட்கள் அந்த விஷயத்தில் படு சுறுசுறுப்பு. போன புதன்கிழமை விவாதம் முடிந்ததும் வாட்ஸாப்பில் நான் போட்டது ஒரே ஒரு வரி. "இன்னிக்கு நம்மாளு தோத்துட்டாங்க, துளசி கேட்டதுக்குப் பதிலே வரல." துளசி என்றால் அதே மேடையில் நின்ற போட்டி வேட்பாளர் துளசி கப்பார்டு. கெட்ட வார்த்தை இல்லை, மீம் இல்லை. அதற்கு நாற்பத்திச் சொச்சம் பதில்கள். அதில் நான் சங்கி, நான் எதிரே நிற்கிற பெர்னி சாண்டர்ஸ் ஆள், நான் இன்னொரு வேட்பாளர் ஜோ பைடன் ஆள், நான் பொறாமை பிடித்தவள். ஒரே ராத்திரியில் ஒரு மனுஷி எத்தனை கட்சிதான் மாறுவாள்? காலையில் காபிக்குப் பால் வைத்துவிட்டு போனைப் பார்த்தால், அட்மின் என்னை நீக்கியிருந்தார்.

சரி, நான் யார் ஆள் என்று சொல்லிவிடுகிறேன். ஜனவரி 27ஆம் தேதி ஓக்லாண்டில் கமலா பிரசாரத்தைத் தொடங்கியபோது இருபதாயிரம் பேர் கூடினார்கள் என்று செய்தியில் வந்ததே, அதில் இரண்டு பேர் நானும் என் மகளும். பார்க்கிங் கிடைக்காமல் ஒன்றரை மைல் நடந்தோம். ஜூன் 27, மியாமி விவாதத்தில், கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கு பஸ்ஸில் அனுப்பும் திட்டத்தைக் கட்டாயமாக்குவதை அந்தக் காலத்தில் எதிர்த்த பைடனைப் பார்த்து, பெர்க்லியில் பஸ்ஸில் ஏற்றிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட அந்தச் சின்னப் பெண் நான்தான் என்று சொன்னாரே, அப்போது அட்மின் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அழுதது நான். அந்த வாசகத்தைப் போட்டு அவர்கள் விற்ற டி-ஷர்ட்டை, கிட்டத்தட்ட 30 டாலர், மகளுக்கு ஒன்று எனக்கு ஒன்று வாங்கியதும் நான்தான். என்னை சங்கி என்று சொன்ன அண்ணன் இன்றைக்கு வரைக்கும் ஒரு டாலர் கொடுத்ததாக எனக்குத் தெரியாது. செப்டம்பர் விவாத மேடையில் ஏற 1,30,000 பேர் பணம் கொடுத்திருக்க வேண்டும் என்று கட்சி விதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் நான் ஒருத்தி. அண்ணன் வாட்ஸாப் ஃபார்வர்டு கணக்கில் வருவார்.

அன்றைக்கு என்னதான் நடந்தது? இங்கே கலிஃபோர்னியாவில் ஒளிபரப்பு சாயங்காலம் 5 மணிக்கு. ஆபீஸில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு ஓடிவந்தேன். முதலில் பைடன் "கொஞ்சம் பார்த்து அடிம்மா" என்கிற தோரணையில் கமலாவுக்குக் கை கொடுத்தார், எல்லோரும் சிரித்தோம். மெடிகேர், அதாவது அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. கமலா இரண்டு நாள் முன்னால்தான் பத்து வருஷத்தில் படிப்படியாக மாறும் புதுத் திட்டத்தை வெளியிட்டிருந்தார். ஜனவரியில் தனியார் இன்சூரன்ஸ் எதற்கு, தூக்கிவிடலாம் என்றார். ஜூன் விவாதத்தில் தனியார் இன்சூரன்ஸை ஒழிப்பது யார் என்று கேட்டபோது கையைத் தூக்கினார், மறுநாள் கேள்வி தப்பாகக் காதில் விழுந்தது என்றார். ஜூலையில் தனியாரும் இருக்கலாம் என்றார். பைடன் இதை இரட்டைப் பேச்சு என்றபோது எனக்குக் கோபம் வந்தது, ஆனால் மறுத்துச் சொல்ல என் கையிலும் ஒன்றுமில்லை.

அப்புறம் துளசி கப்பார்டு. கமலா கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநிலத்தின் தலைமை அரசு வக்கீலாக இருந்தபோது கஞ்சா வழக்கில் 1,500 பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள், தான் கஞ்சா பிடித்ததுண்டா என்று ரேடியோவில் கேட்டபோது சிரித்தார். தூக்குத் தண்டனைக் கைதியைக் காப்பாற்றக்கூடிய ஆதாரத்தைக் கோர்ட் சொல்லும்வரை தடுத்தார். கைதிகளை மலிவான கூலிக்காக உள்ளேயே வைத்திருந்தார். மடமடவென்று ஒரு நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

இதில் ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த 1,500 வழக்குகளை அவரா நடத்தினார்? கலிஃபோர்னியாவில் 58 கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் வழக்கு நடத்தத் தனி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. அந்தத் தூக்குத் தண்டனைக் கைதி கெவின் கூப்பர் வழக்கில் டிஎன்ஏ சோதனைக்கு வழி திறந்தது கோர்ட் இல்லை, ஜெர்ரி பிரவுனும் நியூசமும், இரண்டு கவர்னர்கள். அதுவும் கமலா செனட்டர் ஆன பிறகு அதற்காகக் குரல் கொடுத்தார், முன்பு செய்யாததற்கு வருத்தமும் சொன்னார். கைதிக் கூலி விஷயம் 2014ல் அவருடைய அலுவலக வக்கீல்கள் கோர்ட்டில் வைத்த வாதம், பேப்பரில் பார்த்துத்தான் தெரியும், அதிர்ந்துபோனேன் என்று அப்போதே சொல்லியிருந்தார். கேட்க நொண்டியாகத்தான் இருக்கும், ஆனாலும் பதில் பதில்தானே. இத்தனையும் கலிஃபோர்னியாவில் டப்ளின் என்கிற ஊரில் பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது. கமலா சொன்னது என்ன? நாலு கோடி ஜனம் இருக்கும் மாநிலத்தில் நீதித்துறையைச் சீர்திருத்தினேன், அந்த வேலையைப் பற்றிப் பெருமைப்படுகிறேன். அவ்வளவுதான். முடிந்ததும் சிஎன்என்னில் போய், நான் முன்வரிசை வேட்பாளர், பூஜ்யம் ஒரு சதவீதத்தில் இருக்கிறவர்கள் அடிக்கத்தான் செய்வார்கள் என்றார். அந்த இடத்தில்தான் நான் டிவியை அணைத்தேன்.

கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்து, பெயரைச் சொல்லி, "மக்கள் சார்பில்" என்று சொல்வார் இல்லையா, அதையேதான் கமலா பிரசார முழக்கமாக வைத்திருக்கிறார். உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு வந்த கேவனாவை, டிரம்பின் அட்டர்னி ஜெனரல் பார்ரை செனட்டில் குறுக்கு விசாரணை செய்து திணறடித்ததைப் பார்த்துத்தானே நாம் எல்லோரும் ரசிகர்கள் ஆனோம்? வக்கீல் என்று சொல்லி ஓட்டுக் கேட்டால் வக்கீலாக என்ன செய்தாய் என்று கேட்கத்தானே செய்வார்கள். இது பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து வந்த கேள்வி இல்லை. முதல் பாடத்தின் முதல் கேள்வி. அதற்குத் தயாராக வரவில்லை என்றேன். தோற்றுப் போகட்டும் என்று சொல்லவில்லை, தோற்றுவிட்டார் என்றேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எல்லாம் எனக்கு அரசியல் பாடம் எடுக்கிறார்கள்.

பதினாலு வருஷமாக நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். பக், அதாவது மென்பொருளில் பிழை, கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் சம்பளம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸுக்கு முன்னால் நான் பக் போட்டால் டெவலப்பர் பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், ஒருத்தன் இரண்டு நாள் பேசவே மாட்டான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட "நீ போட்டிக் கம்பெனி ஆளா?" என்று கேட்டதில்லை. இந்தக் குழுவில் பாதிப் பேர் அதே தொழில்தான். ஆபீஸில் புரிகிற விஷயம் வீட்டுக்கு வந்ததும் எங்கே போகிறது?

"சிஎன்என் சதி, 30 நொடியில் என்ன பேச முடியும்?" என்கிறீர்கள். மியாமியில் பைடனைச் சாய்க்க மட்டும் மூன்று மணி நேரமா கொடுத்தார்கள்?

"ரஷ்யா பாட் (தானாக இயங்கும் போலிக் கணக்கு) வைத்து கமலாவுக்கு எதிராக ஹேஷ்டேக் ஓட்டியது" என்கிறீர்கள். ஓட்டியிருக்கலாம், 2016 தேர்தலில் பார்த்தோமே. மேடையில் நின்று பதில் சொல்லாமல் இருந்தது எந்த பாட்?

"துளசி, சிரியா அதிபராக இருந்த அசாத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்." ஆமாம், 2017ல் பார்த்தார், எனக்கும் அவரைப் பிடிக்காது. துளசி இந்து என்பதால், கோயிலில் என்னைப் பார்த்ததை வைத்து நான் துளசி ஆள் என்று ஒரு அக்கா கண்டுபிடித்திருக்கிறார், நான் போவது புளியோதரைக்கு. கேட்டவர் யோக்கியரா இல்லையா என்பது வேறு விஷயம். கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

"ஆணாக இருந்தால் இப்படிச் சொல்வாயா?" இது ஒன்றுதான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. உண்மைதான், பைடன் மியாமியில் "என் நேரம் முடிந்தது, மன்னிக்கவும்" என்று பாதியில் நிறுத்தியதற்கு வயசாச்சு பாவம் என்றார்கள். பெண் தடுமாறினால் தகுதியில்லை என்கிறார்கள். மீட்டிங்கில் நான் குரலை உயர்த்தினால் என்ன பெயர், என் மேனேஜர் உயர்த்தினால் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாதா? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேரும் ஆண்கள். அதில் ஒருவர் வீட்டு டின்னரில் அவர் மனைவி அரசியல் பேச வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"இப்போது இதெல்லாம் பேசினால் டிரம்புக்குத்தான் லாபம்." இதைத்தான் அதிகம் பேர் சொன்னீர்கள். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி எதற்கு வைக்கிறார்கள் என்று நினைத்தீர்கள்? இருபது பேரை இரண்டு ராத்திரி மேடையேற்றி அடித்துக்கொள்ள விடுவது இதற்குத்தானே. டெட்ராய்டில் துளசி கேட்டதை 2020 அக்டோபரில் டிரம்ப் கேட்பார், இவ்வளவு மரியாதையாகவும் கேட்க மாட்டார். எங்கள் மாநிலத்தில் பிரைமரி ஓட்டு 2020 மார்ச் 3. இன்னும் ஏழு மாசம் இருக்கிறது. இப்போது "அருமை தலைவி, கிழிச்சிட்டீங்க" என்று முட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர் எதைத் திருத்திக்கொள்வார்? அவர் நம் வாட்ஸாப் குழுவைப் படிக்கப் போவதில்லை என்பது வேறு. ஆனால் ட்விட்டரில் அவருடைய ஆட்களும் இதையேதானே செய்கிறார்கள்?

கடைசியாக அந்த அக்கா சொன்னது. "வெள்ளைக்காரன் சொன்னாக்கூடப் பரவாயில்ல, நம்ம ரத்தம், நம்ம பொண்ணு, நீ சொல்லலாமா?"

நம்ம பொண்ணு. பெசன்ட் நகர் கடற்கரையில் தாத்தா கோபாலனோடும் அவருடைய ரிட்டயர்டு நண்பர்களோடும் நடந்த பேத்தி என்று கமலாவே சொல்லியிருக்கிறார், படிக்கும்போது எனக்கும் புல்லரித்தது. ஆனால் அக்கா, கமலாவின் அம்மா சியாமளா 1958ல் பத்தொன்பது வயசில் தனியாக பெர்க்லிக்கு வந்தார். 1963ல் ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு கறுப்பின இளைஞரைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றைக்கு நீங்களும் நானும் இருந்திருந்தால் "நம்ம பொண்ணு" என்றா சொல்லியிருப்போம்?

உங்களை மட்டும் சொல்லவில்லை. என் பெரியப்பா மகள் அட்லாண்டாவில் ஒரு கறுப்பினப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். 2011. பத்திரிகை அனுப்பினாள், போனிலும் கூப்பிட்டாள். பெரியம்மா அழுகிறார், அம்மா வேண்டாம் என்கிறார், லீவு கிடைக்கவில்லை என்று நான் சொன்னேன். லீவு இருந்தது. நம் பக்கத்திலிருந்து அந்தக் கல்யாணத்துக்குப் போனது அவளுடைய ரூம்மேட் மட்டும். இப்போது அவளுக்கு ஏழு வயசில் ஒரு பெண் குழந்தை. ஜூலை மாசம் அந்த டி-ஷர்ட் போட்டு என் மகளின் படத்தை ஃபேஸ்புக்கில் ஏற்றினேன், நூற்றுச் சொச்சம் லைக். அவளும் லைக் போட்டிருந்தாள். கமெண்ட் எதுவும் போடவில்லை. எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. புதன்கிழமையிலிருந்து அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாரையெல்லாம் நம்ம ஆள் என்கிறோம், எப்போது சொல்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இன்னும் அவருக்குத்தான் ஓட்டுப் போடப் போகிறேன். மாதாமாதம் போகிற 15 டாலரை நிறுத்தவில்லை, வேண்டுமென்றால் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டைப் போடுகிறேன், அண்ணனும் அவருடையதைப் போடட்டும். டெட்ராய்டில் அவர் தோற்றார். மியாமியில் ஜெயித்தார். இரண்டையும் சொன்னவள் நான் ஒருத்திதான், அதில் முதலாவதற்கு மட்டும் வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

செப்டம்பர் 12 ஹூஸ்டன் விவாதத்தைச் சேர்ந்து பார்க்க யார் வீட்டில் ஏற்பாடு என்று எனக்கு இனித் தகவல் வராது, தெரியும். அட்மின் அண்ணா, மியாமி அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு முறுக்கு கொண்டுவந்தேனே, அந்தப் பெரிய எவர்சில்வர் டப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறது. மூடியில் என் அம்மா பேர் வெட்டியிருக்கும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.